கண்ணும் கருவியும்

கலைகளுள் இளையவற்றுள் ஒன்று நிழற்படக் கலை. சிற்பமும் ஓவியமும் இசையும் கூத்தும் எக்காலத்தில் தோன்றின என்று எவராலும் வரையறுத்துக் கூற இயலாது. நிழற்படத்திற்கோ வயது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே. 1820களில் பிரான்சு நாட்டில் நியெப்சு என்பவர், தம் வீட்டுச் சாளரத்தின் வழியே தெரிந்த கூரைகளையும் சுவர்களையும் ஓர் உலோகத் தகட்டில் ஒளியைக் கொண்டே பதியவைத்தார். அந்த ஒரு படம் பதிவதற்குப் பல மணி நேரம் ஒளி விழ வேண்டியிருந்தது. பின்னர் 1839 இல் தாகேர் என்பவர் கண்ட முறை பாரிசு நகரில் உலகறிய வெளியிடப்பட்டது. அதன் பிறகும் நெடுங்காலம் அக்கலை தொழில் வல்லாரிடமும் செல்வரிடமுமே தங்கியிருந்தது. கனத்த பெட்டி, கண்ணாடித் தகடுகள், மருந்து நீர்கள், இருட்டறை ஆகிய அனைத்தும் வேண்டியிருந்தமையால், ஏழை எளியவர் அதனை நெருங்கவும் இயலவில்லை.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்கராகிய ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888 இல் அவர் ‘கோடக்’ என்னும் சிறு காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதனுள் நூறு படங்கள் எடுப்பதற்கான சுருள் இருந்தது. படங்கள் முடிந்ததும் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால், படங்களை அச்சிட்டுப் புதுச் சுருளும் இட்டுத் திருப்பி அனுப்புவர். 1900 இல் ‘பிரௌனி’ என்னும் காமிரா ஒரு டாலர் விலைக்கு வந்தது. சிறுவரும் காமிரா ஏந்தும் காலம் பிறந்தது. கூலி கருதாமலும் தொழிலாகக் கொள்ளாமலும், தம் உள்ளத்து உவகையொன்றே கருதிப் படமெடுக்கும் கூட்டம் ஒன்று உலகெங்கும் தோன்றியது.

கருவி எளிதாயிற்று; ஆனால், கலையும் எளிதாயிற்றா? காமிரா தன்முன் உள்ளதைப் பதிக்கும். எதைப் பதிப்பது என்று அது அறியாது. எழுதுகோல் நல்லதாயின் கவிதை நல்லதாகும் என்று கூறுவார் உளரோ? காண்பது எல்லார்க்கும் இயல்பு. நோக்குவது ஒரு சிலர்க்கே வாய்க்கும் பண்பு. தெருவில் செல்வோர் நூற்றுவர் ஒரு மரத்தைக் காண்பர். அவருள் ஒருவரே அதன் பட்டையில் ஒட்டிக்கொண்டு தன் நிறத்தை மறைத்திருக்கும் அந்துப்பூச்சியை நோக்குவார். அவ்வொருவர் கையில் இருக்கும்போதுதான் காமிரா உயிர் பெறுகின்றது. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் மூவர். ஒருவர் குளிர்நாட்டு உழவர், ஒருவர் பிரான்சு நாட்டுச் சிறுவர், மற்றொருவர் தமிழர்.

அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மான்ட் என்பது ஒரு மாநிலம். அங்கே ஜெரிக்கோ என்னும் சிற்றூரில், 1865 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9 ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் வில்சன் பென்ட்லி பிறந்தார். அவருடைய தாயார் முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவரே மகனுக்குப் பல ஆண்டுகள் வீட்டிலிருந்து கல்வி கற்பித்தார். அவ்வம்மையாரிடம் பழைய நுண்பெருக்கி ஒன்று இருந்தது. பதினைந்தாம் வயதை ஒட்டி அது சிறுவனின் கைக்கு வந்தது. ஏனைய சிறுவர் பனியை உருட்டி எறிந்து விளையாடிய வேளையில், பென்ட்லி அப்பனியின் ஒரு துகளை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். பார்த்த கண் இமைக்க மறந்தது.

தமிழ்நாட்டில் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் பனி வேறு. அந்நாட்டில் வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி வயலையும் கூரையையும் மூடும் வெண்பனி வேறு. மேகத்திலுள்ள நீராவி நீராக மாறாமலே உறைந்து சிறு சிறு படிகங்களாகின்றது. உறையும்போது நீரின் மூலக்கூறுகள் அறுகோண ஒழுங்கில் அமைவதால், அப்படிகமும் ஆறு பக்கம் உடையதாகவோ ஆறு கதிர் உடையதாகவோ வளர்கின்றது. வெறுங்கண்ணுக்கு வெள்ளைத் தூளாகத் தோன்றும் அது, நுண்பெருக்கியின் கீழ்க் கைதேர்ந்த பொற்கொல்லர் இழைத்த பதக்கம் போல விளங்கும். ஒன்று விண்மீன் போல் இருக்கும். ஒன்று சூரல் இலைபோல் கிளைத்திருக்கும். ஒன்று கோலம்போல் புள்ளியும் கோடுமாகப் பொலியும்.

பென்ட்லி அவ்வழகைத் தாளில் வரைந்து வைக்க முயன்றார். ஆனால், வரைந்து முடிப்பதற்குள் துகள் உருகிவிடும். கைவிரலின் சூடும் மூச்சின் சூடும் அதற்குப் பகை. குளிர்காலந்தோறும் வரைந்து வரைந்து, ‘கையால் இதனைப் பிடிக்க இயலாது’ என்று அவர் தெளிந்தார். நுண்பெருக்கியோடு காமிராவை இணைத்துப் படமெடுக்கலாம் என்பதை அறிந்ததும், அதனை வாங்கித் தருமாறு பெற்றோரை வேண்டினார். உழவர் குடும்பத்திற்கு அது பெருஞ்செலவு. பனியைப் படமெடுப்பதால் பயன் என்ன என்பதே தந்தையின் எண்ணம். எனினும், மகனின் வேட்கையும் தாயின் பரிவும் வென்றன; கருவி வீடு வந்து சேர்ந்தது.

கருவி வந்தவுடன் வெற்றி வந்துவிடவில்லை. எடுத்த படங்கள் பல மங்கின. பல நிழல்போல் மறைந்தன. கற்றுக்கொடுப்பார் அருகில் ஒருவரும் இலர். பிழைத்த ஒவ்வொரு தகடும் அவருக்கு ஓர் ஆசானாயிற்று. 1885 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15 ஆம் நாள், இருபது வயதும் நிரம்பாத அவ்விளைஞர், ஒரு தனிப் பனிப்படிகத்தின் தெளிவான படத்தைப் பெற்றார்.

அவர் பணி செய்த முறை அறிந்து இன்புறத்தக்கது. அவருடைய கூடம் நெருப்பு மூட்டாத குளிர்ந்த கொட்டகை. பனி பெய்யும்போது கரிய பலகை ஒன்றை வெளியே ஏந்துவார். கருமைமேல் வெண்துகள்கள் வந்து விழும். அவற்றுள் சிதையாத ஒன்றைத் தேர்ந்து, மெல்லிய மரச்சிம்பினால் மூச்சையும் அடக்கிக்கொண்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லின்மேல் வைப்பார். பறவையின் இறகால் மெல்ல அழுத்திப் படியச் செய்வார். பிறகு காமிராவை வானொளியை நோக்கித் திருப்பிப் படமெடுப்பார். இவ்வளவும் ஒரு சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். காலம் தாழ்த்தினால் படிகம் கரைந்துவிடும். அன்றேல் தன் கூர்மையை இழந்துவிடும். வெண்மைமேல் வெண்மை தெளியாது ஆதலின், நெகட்டிவின் படியை எடுத்து, படிகத்தைச் சுற்றியுள்ள பூச்சைச் சிறு கத்தியால் சுரண்டி நீக்குவார். அவ்வாறு செய்தபின், அச்சில் பின்புறம் இருளாகிப் படிகம் ஒளிரும். ஒரு படத்திற்கு இத்தனை உழைப்பு!

இவ்வாறு ஏறத்தாழ 46 ஆண்டுகள் அவர் பனியைப் படமெடுத்தார். ஐயாயிரத்திற்கு மேற்பட்ட படிகங்களைப் பதிவு செய்தார். அதனால் அவர் பொருள் திரட்டினாரா? இல்லை. கண்ணாடிப் படமொன்றை 5 சென்ட்டு விலைக்கு விற்றார். பசு கறப்பதையும் வயல் வேலையையும் அவர் விட்டுவிடவில்லை. உழவு அவருக்குச் சோறிட்டது. பனி அவர் உள்ளத்திற்கு விருந்திட்டது. ஊரார் சிலர் அவரைப் பித்தர் என்று எண்ணி நகைத்தனர். அவரோ நகைப்பைப் பொருட்படுத்தவில்லை. தம் கண்முன் தோன்றும் ஒவ்வொரு படிகமும் முன்னும் தோன்றியதன்று, பின்னும் தோன்றுவதன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார். தாம் பதியாவிடின் அவ்வழகு ஒருவரும் அறியாமலே அழியும் என்னும் எண்ணமே அவரைக் குளிரில் நிற்கச் செய்தது.

அவர் ஆய்ந்தது வெண்பனியை மட்டுமன்று. மழைத்துளியின் அளவைக் காணவும் எளிய வழி ஒன்றை வகுத்தார். தட்டத்தில் நுண்ணிய மாவைப் பரப்பி, மழையில் சிறிது பொழுது வைப்பார். விழுந்த துளி ஒவ்வொன்றும் மாவைத் திரட்டி ஓர் உருண்டையாக்கும். அவ்வுருண்டையை அளந்து துளியின் அளவை அறிவார். 1904 இல் வெளிவந்த இவ்வாராய்ச்சியைப் பிற்கால அறிஞர் வியந்து போற்றினர். அடுக்களை மாவும் அறிவுக்குக் கருவியாகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1931 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் படங்களுள் 2400க்கு மேற்பட்டவை ‘பனிப் படிகங்கள்’ என்னும் பொருள்படும் பெயரோடு ஆங்கில நூலாக வெளிவந்தன. வானிலை ஆய்வாளர் ஹம்ஃப்ரீஸ் அதற்கு உரை எழுதினார். நூல் வெளிவந்த சில வாரங்களில், கடும் பனிப்புயலின் ஊடே சுமார் ஆறு மைல் நடந்து வீடு திரும்பிய பென்ட்லி நிமோனியாக் காய்ச்சலுற்று, டிசம்பர் 23 ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் நூலோ கடல் கடந்தது. ஜப்பானில் நகாயா உகிச்சிரோ என்னும் இயற்பியலறிஞர் அப்படங்களால் ஊக்கமுற்றுப் பனியை ஆராயப் புகுந்தார். 1936 இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில், முயல் மயிரின் நுனியில் செயற்கைப் பனிப்படிகத்தை முதன்முதலில் வளர்த்துக் காட்டினார். பெரும்பட்டம் பெறாத உழவர் ஒருவரின் பொழுதுபோக்கு, பேரறிஞர் ஒருவரின் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

பென்ட்லி பனிக்காகக் காத்திருந்தார். காத்திருக்க நேரமே தராமல் கணத்தில் தோன்றிக் கணத்தில் மறையும் காட்சிகளும் உலகில் உண்டு. அவற்றை விரும்பிய சிறுவர் ஒருவர் பிரான்சு நாட்டில் இருந்தார். 1894 இல் செல்வக் குடியில் பிறந்த அவர் பெயர் ழாக் ஆன்றி லார்த்தீக். காமிரா தம் கைக்கு வருமுன்பே, மகிழ்ச்சியான காட்சி எதனைக் கண்டாலும், விழிகளை விரைந்து மூடித் திறந்து அதனை உள்ளே சிறைப்பிடித்துவிடலாம் என்று அவர் நம்பினாராம். சில நாளில் அந்த மாயம் பலிக்கவில்லை என்று வருந்தினார். ஏழெட்டு வயதில் தந்தை அவருக்கு ஒரு காமிரா வாங்கிக் கொடுத்தார். இழந்த மாயம் மீண்டும் கைக்கு வந்தது.

அவர் அரசர்களையும் போர்களையும் தேடிச் செல்லவில்லை. தமையன் தானே செய்த சறுக்கு வண்டியில் ஏறிக் குப்புற விழுவதையும், வீட்டு நாய் தாவுவதையும், உறவினர் நீரில் குதிப்பதையும் படமெடுத்தார். 1905 இல் எடுத்த ஒரு படத்தில், அவருடைய உறவுப் பெண் ஒருத்தி நீண்ட பாவாடையோடு வீட்டுப் படிக்கட்டிலிருந்து பறப்பவள்போல் வானில் நிற்கின்றாள். நூற்றாண்டு கடந்தும் அவள் கால் இன்னும் தரையைத் தொடவில்லை! அப்பெண் குதித்த கணம் எத்துணைச் சிறியது! அதனைப் பிடித்த கண் எத்துணை விழிப்புடையது!

லார்த்தீக் தம்மை ஓவியர் என்றே கருதினார். படங்களை ஒட்டுப் புத்தகங்களில் ஒட்டித் தமக்கென வைத்திருந்தார். 1963 இல், அவர் அறுபத்தொன்பது வயதை எய்தியபோதுதான், நியூயார்க்கு நகரின் நவீனக் கலைக் காட்சியகம் அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. சிறுவன் ஒருவன் விளையாட்டாக எடுத்த படங்கள் ஒரு காலத்தின் முகத்தையே காட்டுவதை அன்று உலகம் கண்டது. வீட்டின் முற்றமும் வியப்பின் சுரங்கமே என்பது அவர் வாழ்வு தரும் பாடம்.

வீட்டு முற்றத்தில் வியப்பைக் கண்டவர் லார்த்தீக். காட்டினுள் அலைந்து கண்டவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் புதினத்தை இயற்றிய அ. மாதவையாவின் இளைய மகன் இவர். 1912 இல் திருநெல்வேலியில் பிறந்தார். சென்னையில் கல்வி கற்றார். தாவரவியலும் சட்டமும் பயின்றார். சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி முதலிய பல பொறுப்புகளில் பணிபுரிந்தார். அச்சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பி, எவரிடத்தும் ஊழியம் ஏற்காமல், எழுத்தையும் இயற்கையையும் துணையாகக் கொண்டு வாழ்ந்தார்.

கடையில் விற்ற காமிரா எதுவும் அவர் தேவைக்கு முற்றும் பொருந்தவில்லை. ஆதலின், பல காமிராக்களின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே ஒரு காமிராவை அமைத்துக்கொண்டார். அதன் பெரும்பருமனை எள்ளுவார்போல் ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று அதற்குப் பெயரும் இட்டார். அப்பருத்த கருவியைச் சுமந்து, சில வேளை கால்நடையாகவும், சில வேளை பழக்கிய யானையின்மேல் அமர்ந்தும் தென்னாட்டுக் காடுகளில் உலவினார். யானைக் கூட்டம் நீர்த்துறைக்கு இறங்குவதையும், காட்டெருது புதரினின்று நிமிர்ந்து பார்ப்பதையும், மான் செவி நிமிர்த்தி நிற்பதையும் கறுப்பு வெள்ளையிலேயே பதிவு செய்தார். வண்ணப் படங்கள் பெருகிய பின்னரும் அவர் கறுப்பு வெள்ளையைக் கைவிடவில்லை. அவர் படத்தில் விலங்கு தனித்து நிற்பதில்லை. அதன் புல்லும் புதரும் மரநிழலும் உடன் நிற்கின்றன. காடின்றி விலங்கு இல்லை என்னும் உண்மையைப் படமே பேசுகின்றது.

காட்டில் மட்டுமன்று, தம் வீட்டுத் தோட்டத்திலும் தெருவோரத்திலும் திரியும் அணிலையும் காக்கையையும் ஓணானையும் அவர் அதே ஆர்வத்தோடு நோக்கினார். 1950 முதல் 1996 இல் தாம் மறையும்வரை, ‘ஸ்டேட்ஸ்மன்’ என்னும் ஆங்கில நாளிதழில் இயற்கை குறித்து இடைவிடாது எழுதினார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகள் பிற்காலத்தில் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டன. 1970 இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர் படங்களும் குறிப்புகளும் இன்று வெறும் அழகுப் பொருள்கள் அல்ல. தென்னாட்டுக் காடுகளில் அந்நாளில் எவை வாழ்ந்தன, எவ்வாறு வாழ்ந்தன என்பதைக் கூறும் சான்றுகள் ஆகும்.

இம்மூவரையும் ஒருங்கே வைத்து எண்ணினால் ஓர் உண்மை புலப்படும். ஒருவர் பனிக்காகக் காத்திருந்தார். ஒருவர் கணத்துக்காக விழித்திருந்தார். ஒருவர் விலங்கை நாடி நடந்தார். மூவரையும் செலுத்தியது ஊதியமன்று, அன்பே ஆகும். அன்புடையார்க்கே பொறுமை உண்டாகும். பொறுமையுடையார்க்கே பொருள்கள் தம் மெய்யுருவைக் காட்டும். மேலும், மூவரும் பதித்தவை எல்லாம் நில்லாதவை. பனி உருகிற்று, அப்பெண் குதித்த கணம் கடந்தது, அன்று உலவிய யானைகள் மறைந்தன. எனினும், நோக்கியவர் பதித்தமையால் நோக்காதவரும் அவற்றைக் காண்கின்றனர். அழிவின் கையினின்று ஓர் அழகை மீட்டுப் பிறர்க்கு அளிப்பதும் அறமே அன்றோ?

இக்காலத்தில் காமிரா வாங்குவதற்குத் தனியே பொருள் தேட வேண்டுவதில்லை. கைப்பேசி ஒவ்வொன்றிலும் காமிரா உள்ளது. சுருள் தீர்ந்துவிடுமே என்னும் கவலையும் இல்லை. ஒருவர் ஒரு சுற்றுலாவில் நூறு படங்களை எடுத்துத் திரும்புகின்றார். ஆனால், அருவியின் அருகில் நின்றபோது அதன் ஓசையையும் கேட்கவில்லை, பாறை இடுக்கில் வளர்ந்த பாசியையும் பார்க்கவில்லை. படம் பெருகிற்று, பார்வை சுருங்கிற்று. இக்குறை கருவியின் குற்றமன்று. கருவியைக் கண்ணுக்கு முன்னே ஓடவிட்டதன் குற்றம்.

ஆதலின், படமெடுக்க விரும்பும் மாணவர் முதலில் நோக்கப் பழகுதல் வேண்டும். ஒரு செடியைப் படமெடுக்குமுன் அதன் பெயரைக் கேட்டறிக. ஒரு பறவையைப் படமெடுக்குமுன் அது எங்கே அமர்கின்றது, எதனை உண்கின்றது என்று சில நாள் பார்த்து வருக. எடுத்த படத்தோடு நாளையும் இடத்தையும் குறித்து வைத்தால், இன்றைய விளையாட்டு நாளைய சான்றாகும். கூட்டைக் கலைத்தும் குஞ்சை அஞ்சச் செய்தும் எடுக்கும் படம் எவ்வளவு அழகாயினும் அது களவுக்கு ஒப்பாகும். மனிதரைப் படமெடுக்க விரும்பினால் அவர்தம் இசைவைப் பெறுதலும், பிறர் துன்பத்தை வேடிக்கைப் பொருளாக்காமையும் பண்புடையார் கடமை.

வியப்பைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மழை ஓய்ந்த பின் கூரையின் விளிம்பில் தொங்கும் நீர்த்துளி, தன்னுள் வேப்பமரத்தைத் தலைகீழாகத் தாங்கி நிற்கும். காலை வெயிலில் சிலந்தி வலை முத்துச்சரமாக மின்னும். கோலத்து மாவை எறும்பு சுமந்து வரிசையாகச் செல்லும். இவையெல்லாம் நாள்தோறும் நிகழ்வன. நோக்குவாரை எதிர்நோக்கி நிற்பன. கருவி எவர்க்கும் கிடைக்கும். கண்ணை அவரவரே பயிற்றிக்கொள்ளுதல் வேண்டும்.